புதுப்பிப்பு: ரம்பொடை இறக்கத்தில் நடுங்கிய பிரேக்

நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வழியாக இறங்கும்போது பிரேக் பிடித்தால் என் மின்சாரக் காரின் ஸ்டியரிங் நடுங்குகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். சரியாகிவிட்டது.

சிலர் மோட்டாரைச் சந்தேகித்தீர்கள். ஆளில்லாத சமதரை ரோட்டில் நியூட்ரலில் போட்டு பிரேக் பிடித்துப் பார்த்தேன். அப்போது ரீஜென் (மோட்டாரே காரை மெதுவாக்கி பேட்டரியைச் சார்ஜ் செய்வது) வேலை செய்யாது. நடுக்கம் மட்டும் அப்படியே இருந்தது. அப்படியென்றால் கோளாறு பிரேக் டிஸ்க் பக்கம்தான். கராஜில் கழற்றினால் முன் ஹப்பில் (சக்கரமும் டிஸ்கும் பொருந்தும் நடுப்பகுதி) துரு, அதன்மேல் டிஸ்க் சரியாக உட்காரவில்லை. டிஸ்க் கோணலில்லாமல் சுற்றுகிறதா என்று அளக்கும் டயல் கேஜ் ஊசி நன்றாகவே ஆடியது. ரீஜெனால் டிஸ்குக்கு வேலை குறைவு. நம் மழைக்கும் பனிக்கும் துரு சும்மா விடுமா? ஹப்பைத் தேய்த்து, முன் இரண்டு டிஸ்கையும் பேடையும் மாற்றினோம்.

அப்புறம், மலைமேல் 100% சார்ஜ் போட்டு இறங்காதீர்கள். பேட்டரி நிறைந்திருந்தால் ரீஜெனுக்கு இடமில்லை, பாரமெல்லாம் பிரேக்கில் விழும். நான் 80%-இல் நிறுத்துகிறேன்.