குன்னூர் மலை ரோட்டுல பர்லியார் தாண்டினதும் கார் இஞ்சின் கொதிக்குது, ஹீட்டர்ல பச்சக்காத்து. யாருக்காவது இப்படி ஆகியிருக்கா?

மேட்டுப்பாளையத்தான்
போன சித்திரைல நடந்தது. 2004 மாடல் டர்போ (இஞ்சினுக்குள்ள காத்தை அழுத்தித் தள்ளற விசிறி) பெட்ரோல் கார். கம்பெனி பேரு வேண்டாம், வெச்சிருக்கறவங்களுக்குச் சொல்லாமலே தெரியும். கல்லாறுல இ-பாஸ் வரிசைல அரை மணி நேரம் ஊர்ந்தப்பக்கூட இஞ்சின் சூட்டு முள்ளு 90ல ஆணி அடிச்ச மாதிரி நின்னுது. பர்லியார் பலாப்பழக் கடையெல்லாம் தாண்டி, மரப்பாலத்துக்குக் கொஞ்சம் முன்னாடி ரெண்டாவது கியர்ல மிதிச்சு ஒரு லாரியை முந்தினேன். முந்தி முடிக்கறதுக்குள்ள முள்ளு கிளம்பிருச்சு.

ஏசியை அணைச்சு ஹீட்டரை முழுசாத் திருகுனேன். அப்படிப் பண்ணா இஞ்சின் சூடு கொஞ்சம் உள்ள வந்துரும்னு தெரியுமில்லீங்க? சிவப்பு லைட்டு கத்துது, வென்ட்ல கையை வெச்சா வெறும் வெளிக்காத்து. ஒரு பொட்டுச் சூடு இல்ல. பக்கத்துல வீட்டம்மா, "ஏனுங்க, கொதிக்குதுங்கறீங்க, குளுகுளுன்னு வருது?"ங்கறாங்க. இன்னிக்கும் அந்த ரோட்டுல போனா கை தானா வென்ட்டுக்குப் போகுது.

ஓரங்கட்டிப் பார்த்தா டப்பால கூலன்ட் (இஞ்சினைக் குளுத்தற திரவம்) அளவு சரியா இருக்கு. ரேடியேட்டர் மேல் ஹோஸ் தொட முடியல, கீழ் ஹோஸ் பச்சத்தண்ணி. அப்பறம் மூணு ஒர்க்ஷாப். ஒருத்தர் ஃபேன் ரிலே, ஒருத்தர் தெர்மோஸ்டாட் (சூடானா கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடற வால்வு), ஒருத்தர் ரேடியேட்டரையே மாத்தினாரு. மறுபடி மலை ஏறுனா அதே கதை. கடைசியா வாட்டர் பம்பைக் கழட்டினா தண்டு சுத்துது, கூலன்ட்டைத் தள்ளற பிளாஸ்டிக் இம்பெல்லர் அதுபாட்டுக்குச் சும்மா நிக்குது. கூலன்ட் சுத்தலைன்னா ஹீட்டருக்கும் சூடு வராதில்லீங்க. பம்பைச் சுத்தற டைமிங் பெல்ட்டை மாத்தினப்ப பழைய பம்பையே போட்டு மூடியிருக்காங்க.

பெருமாள்மலை வாசி
எனக்கும் பச்சக்காத்துதாண்ணே, ஆனா பம்ப் இல்ல. வத்தலகுண்டுல இருந்து கொடைக்கானலுக்கு ஏறுறேன், டம்டம் பாறை வளைவுல கார் உள்ள வெல்லப்பாகு வாசனை. மகன் "அப்பா, யாரோ மிட்டாய் காய்ச்சுறாங்க"ன்னான். சிரிச்சுட்டு ஓட்டிட்டேன், அதான் தப்பு, அது ஒழுகுற கூலன்ட் வாசனை. ஊத்துங்கிற ஊரு வர்றதுக்குள்ள பானட் ஓரமெல்லாம் ஆவி. சிலிண்டர் ஹெட்டுக்குப் பின்னாடி கூலன்ட் போற பிளாஸ்டிக் இணைப்பு விரிசல். டப்பா காலி, உள்ள பூராம் காத்து. கூலன்ட் இல்லாட்டி ஹீட்டருக்கு எங்கிட்டுச் சூடு வரும்? அதனால முதல்ல டப்பாவைப் பார்க்கணும். நிறைஞ்சிருந்தா பம்ப், காலின்னா ஒழுக்கு.

பழைய சாவி
இவ்வளவு ஆராய்ச்சி எதுக்கு? தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வீசுங்க. எங்கப்பா காலத்துல எல்லா வண்டிலயும் அதான் பண்ணாங்க.

கோத்தகிரி மாமா
பழைய சாவி ஐயா, உங்கப்பா வண்டில கம்ப்யூட்டர் இருந்துச்சா? தெர்மோஸ்டாட் இல்லாம கோத்தகிரில இருந்து அரவேணு வழியா இறங்கிப் பாருங்க, கீழ போற வரைக்கும் இஞ்சின் சூடே ஆகாது. குளிர்ந்த இஞ்சின்னு நினைச்சு கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கொட்டும். மேட்டுப்பாளையத்தான் தம்பிக்குப் பம்பே சுத்தல, தெர்மோஸ்டாட்டைக் கழட்டி என்ன பண்ண?

என் கதை சின்னது. கோயமுத்தூர்ல ஒண்ணும் பண்ணாத வண்டி ஊட்டி சேரிங்கிராஸ்ல கூலன்ட்டைக் கக்குச்சு. கூலன்ட் டப்பா மூடி கெட்டுப் போயிருந்துச்சு, அவ்வளவுதான்.

ஆனா ஏன் மலை மேல மட்டும் கொதிக்குதுன்னு யாரும் சொல்லல, அதனால எழுதறேன். ஊட்டி 2,240 மீட்டர். அங்க திறந்த சட்டில தண்ணி 92, 93 டிகிரிலயே கொதிச்சிரும். இஞ்சின் வழக்கமா ஓடற சூடே 90. கொதிக்காம தாங்கறது கூலன்ட்டும் மூடி பிடிச்சு வெச்சிருக்கற அழுத்தமும்தான். ரப்பர் வளையம் தளர்ந்த மூடி கீழ சமாளிச்சிரும், மேல சமாளிக்காது. மேல காத்தும் மெலிசு, ரேடியேட்டர்ல இருந்து சூட்டை எடுத்துட்டுப் போக ஆளு கம்மி. டர்போ அதே காத்தழுத்தத்துக்கு இன்னும் வேகமா சுத்தும், அந்தக் காத்தை ஆத்தற இன்டர்கூலருக்குப் போற காத்து இன்னும் சூடு. குளிர் ஊர்தானேன்னு நம்பாதீங்க. அந்த முள்ளையும் நம்பாதீங்க, 80ல இருந்து 100 வரைக்கும் எல்லாத்துக்கும் 90னுதான் காட்டும். வண்டி கம்ப்யூட்டரைப் படிக்கற ஓபிடி ஸ்கேனர் ஒண்ணு வாங்கிப் போன்ல நிஜச் சூட்டைப் பாருங்க. ராத்திரி ஆறின வண்டியைக் காலைல ஸ்டார்ட் பண்ண உடனே மேல் ஹோஸ் கல்லாட்டம் இறுகுச்சுன்னா ஹெட் கேஸ்கெட்டை (சிலிண்டர் ஹெட்டுக்கும் இஞ்சின் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற அடைப்புத் தகடு) சந்தேகப்படுங்க. ஓடைத்தண்ணி ஊத்தி ஊருக்குப் போனவங்க மறக்காம வடிச்சிருங்க, ஊட்டி பக்கம் தலைகுந்தால தை மாசம் உறைபனி விழும், வெறும் தண்ணி இஞ்சினுக்குள்ள ஐஸ் ஆனா பிளாக்கே வெடிக்கும். பிங்க் கூலன்ட்ல பச்சையைக் கலக்காதீங்க, சேறாயிரும். மலை ஏறி நின்ன உடனே சாவியைத் திருகி இஞ்சினை அணைக்காதீங்க, ரெண்டு நிமிஷம் ஓடட்டும், டர்போவும் அதே கூலன்ட்டைத்தான் குடிக்குது.

பெருமாள்மலை வாசி
மாமா, மூடியை மாத்தின கதை ஒரு வரி, பாடம் ஒரு பக்கம் 😄

பழைய சாவி
இருந்தாலும் எங்கப்பா வண்டி ஒரு நாள்கூட ரோட்டுல நின்னதில்ல.

மேட்டுப்பாளையத்தான்
ஐயா, உங்கப்பா வண்டில டர்போ இருந்துச்சா, அதைச் சொல்லுங்க முதல்ல. மாமா, மூடி மாத்திட்டேன், இம்பெல்லர் உலோகத்துல இருக்கற பம்பா தேடிப் போட்டாச்சு. பழைய இம்பெல்லரைப் பையன் பம்பரம்னு எடுத்துட்டுப் போயிட்டான்.