பேட்டுக்கு மருந்து பருக்கும்போது புரையேறுகிறது: சரியான முறையைத் தயவுசெய்து கூறுங்கள்

உப்புவெளி வளவு:

வணக்கம். திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு வளவில் ஏழு நாட்டுக்கோழிகளை வளர்த்து வருகிறேன். அவற்றுள் மூத்தவளான செம்பிக்கு நான்கு வயதாகிறது. மழை விட்ட மறுநாள் அவளுடைய மூச்சில் கரகரப்பு ஏற்பட்டு, இடது கண்ணின் ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கியது. மிருக வைத்தியரிடம் கொண்டுசென்றபோது, மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியால் வரும் நாட்பட்ட சுவாச நோயாக இருக்கலாம் என்று கூறி, ஒரு மில்லிலீற்றரில் 10 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் அடங்கிய திரவ மருந்தைத் தந்தார். செம்பியின் நிறை 1.4 கிலோகிராம் என்பதால், காலையும் மாலையும் 1.4 மில்லிலீற்றர் வீதம் ஐந்து நாட்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று துண்டில் எழுதியிருக்கிறார்.

மருந்தை அவளுக்குப் பருக்குவதுதான் எனக்குப் பெரும்பாடாக இருக்கிறது. முதல் நாள் குடிதண்ணீரில் கலந்து வைத்தேன். ஒருமுறை சொண்டை நனைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். இரண்டாம் நாள் காலையில் என் மகன் அவளைப் பிடித்துக்கொள்ள, நான் சொண்டைத் திறந்து தேக்கரண்டியால் ஊற்றினேன். உடனே தொண்டையில் களகளவென்று சத்தம் எழுந்து, மூக்குத் துளை வழியாக மருந்து வெளியே வந்தது. கொண்டை ஒரு கணம் ஊதா நிறமாக மாறியதைக் கண்டு நாங்கள் இருவரும் நடுங்கிப்போனோம். தலையை உதறி, இரண்டு மூன்று முறை இருமிய பின்னர் தேறிவிட்டாள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சேவலுக்கு இப்படித்தான் கரண்டியால் மருந்து ஊற்றினோம். அது அன்று இரவே இறந்துவிட்டது. நோயால் இறந்ததா, நாங்கள் ஊற்றிய மருந்து மூச்சுக்குழாய்க்குள் போனதால் இறந்ததா என்ற கேள்வி என்னை இன்றுவரை வருத்துகிறது. ஆகவே இன்று மாலை மருந்தைக் கையில் எடுப்பதற்கே அஞ்சுகிறேன். எப்படிப் பிடிக்க வேண்டும், எந்த இடத்தில் விட வேண்டும், சிந்திய மருந்துக்குப் பதிலாக மீண்டும் கொடுக்கலாமா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

சாம்பல்தீவு அக்கா:

தங்கச்சி, முதலில் செம்பியின் மூச்சைக் கவனியுங்கள். இப்போதும் சொண்டைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கினாலோ, காலையில் கேட்ட களகளப்பு இன்னும் நீடித்தாலோ, அடுத்த வேளை மருந்தைக் கொடுப்பதற்கு முன்பே வைத்தியருக்குத் தெரிவியுங்கள். அமைதியாக மூச்சுவிட்டு, நடமாடித் திரிந்தால் கீழ்க்கண்டவாறு செய்து பாருங்கள். பதினைந்து ஆண்டுகளாக நான் கையாளும் முறை இது.

கோழியின் வாய் நம் வாயைப் போன்றதன்று. சொண்டைத் திறந்து பார்த்தால், நாக்கின் அடிப்பக்கத்தில் ஒரு சிறிய பிளவு திறந்தும் மூடியும் அசைவதைக் காணலாம். அதுவே மூச்சுக்குழாயின் வாசல். நமக்கு இருப்பதுபோல அதன்மேல் கவிழ்ந்து மூடும் குரல்வளை மூடி கோழிக்குக் கிடையாது; விழுங்கும் நொடியில் மட்டும் அந்தப் பிளவு தன்னைத் தானே இறுக்கிக்கொள்ளும். நீங்கள் கரண்டியால் ஊற்றியபோது, அவள் விழுங்கத் தயாராவதற்கு முன்பே மருந்து நேராக அந்த வாசலுக்குமேல் விழுந்திருக்கிறது. உணவுக்குழாய் அதற்குப் பின்னால், கோழியின் வலப்பக்கமாக இறங்கித் தீனிப்பைக்குச் செல்கிறது.

ஆகவே கரண்டியை விட்டுவிடுங்கள். பாமசியில் ஒரு மில்லிலீற்றர் சிரிஞ்சு வாங்கி, ஊசியைக் கழற்றி எறிந்துவிடுங்கள். பொழுதுபட்டுக் கோழிகள் கூட்டில் அடங்கிய பின்னர் செம்பியை எடுங்கள்; அந்த நேரத்தில் அவை முரண்டு பிடிப்பதில்லை. ஒரு துவாயால் சிறகுகளைச் சேர்த்துச் சுற்றி, மடியில் நிமிர்ந்த நிலையில் இருத்துங்கள். நெஞ்சை ஒருபோதும் இறுக்க வேண்டாம். கோழிக்கு உதரவிதானம் இல்லை; நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதனால் மூச்சுவிட முடியும், எனவே இறுகப் பிடித்த கையே அதை மூச்சுத் திணறச் செய்துவிடும். மல்லாக்கப் படுக்கவைப்பதும் கூடாது.

தலையை அண்ணாத்திப் பிடிக்காமல், அது இயல்பாக வைத்திருக்கும் உயரத்திலேயே விடுங்கள். சிரிஞ்சின் நுனியைச் சொண்டின் பக்க ஓரத்தில், மேல் சொண்டும் கீழ்ச் சொண்டும் சேரும் விளிம்பில் வைத்து ஒரு துளி மட்டும் விடுங்கள். அந்த ஈரம் தானாக உள்ளே இழுபடும். செம்பி சொண்டை மென்றாற்போல அசைத்து விழுங்குவாள். விழுங்கியதைக் கண்ணால் கண்ட பின்னரே அடுத்த துளி. ஒரு மில்லிலீற்றர் என்பது ஏறத்தாழ இருபது துளிகள். ஆகவே உங்களுடைய அளவு இருபத்தெட்டுத் துளிகள் வரை வரும். ஐந்து நிமிடம் ஆனாலும், பத்து நிமிடம் ஆனாலும் பரவாயில்லை. இடையில் தலையை உதறினாலோ இருமினாலோ உடனே நிறுத்தி, தலையைச் சற்றுத் தாழ்த்தி முன்புறம் சாயவிட்டு, அவள் தானே தெளியும்வரை காத்திருங்கள்.

சிந்திய மருந்தை ஊகத்தால் ஈடுசெய்ய வேண்டாம். இரண்டொரு துளி துவாயில் பட்டிருந்தால் விட்டுவிடுங்கள். முழு வேளையும் வெளியே போய்விட்டது என்று தோன்றினால் வைத்தியரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

கிண்ணியா வாசி:

இவ்வளவு சிரமம் தேவையா? நான் எப்போதும் குடிதண்ணீரில்தான் கலந்து வைக்கிறேன். சென்ற ஆண்டு என்னுடைய இருபது குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் வந்தபோது, அம்ப்ரோலியம் மருந்தைத் தண்ணீரில் கலந்தே குணப்படுத்தினேன். மற்றத் தண்ணீரை அகற்றிவிட்டால், தாகமெடுக்கும்போது கோழி கட்டாயம் குடிக்கும்.

தம்பலகாமம் பண்ணை:

அண்ணா கூறுவது குஞ்சுக் கூட்டத்துக்குப் பொருந்தும். செம்பிக்குப் பொருந்தாது என்பதை விளக்க விரும்புகிறேன். இரத்தக் கழிச்சல் ஒரே கூட்டிலுள்ள குஞ்சுகள் அனைத்தையும் தாக்கக்கூடியது என்பதாலும், நோயுற்ற குஞ்சுகள் தீனியை விட்டாலும் பெரும்பாலும் தண்ணீர் குடிக்கும் என்பதாலும், அம்ப்ரோலியத்தை 0.024 சதவீதக் கரைசலாக மூன்று முதல் ஐந்து நாட்களுக்கும், பின்னர் 0.006 சதவீதமாகக் குறைத்து ஒன்றிரண்டு வாரங்களுக்கும் தண்ணீரில் வைப்பது வழக்கமான முறையே. (அந்த நாட்களில் விற்றமின் பி1 அடங்கிய சத்து மருந்துகளைத் தவிர்க்க வேண்டும், கிருமிக்கு அந்த விற்றமின் எட்டாமல் தடுத்துத்தான் அம்ப்ரோலியம் வேலை செய்கிறது.)

தனியொரு நோயாளிக்குக் கணக்கு வேறு. செம்பிக்கு நாளொன்றுக்கு 28 மில்லிகிராம் மருந்து சேர வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் பேடு ஒரு நாளில் ஏறத்தாழக் கால் லீற்றர் தண்ணீர் குடிக்கும் என்று எண்ணி, அந்தக் கால் லீற்றரில் 28 மில்லிகிராமைக் கலந்து வைக்கிறீர்கள் என்று கொள்வோம். நோயால் சோர்ந்த பேடு அதில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் குடித்தால், அவளுக்குச் சேர்வது ஆறு மில்லிகிராம்கூட இல்லை. போதாத அளவில் செல்லும் நுண்ணுயிர்க்கொல்லி கிருமியை அழிக்காமல், அதை மருந்துக்குப் பழக்கிவிடும். கச்சான் என்னும் வெப்பக் காற்று வீசும் மாதங்களிலோ இதற்கு மாறாக, வெயில் தாங்காமல் வழக்கத்தைவிட மிகுதியாகக் குடித்துவிடும். தவிரவும், நம் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கடினமானது. டொக்சிசைக்கிளின் போன்ற மருந்துகள் கல்சியத்தோடு பிணைந்து வலுவிழப்பவை. அவள் மருந்துத் தண்ணீரை வெறுக்கிறாள் என்றால் வேறு தண்ணீரை அகற்றுவது தாகத்தால் வதைப்பதாகவே முடியும். நோயுற்ற உயிருக்கு அதைச் செய்யலாகாது.

மருந்து கல்சியத்தோடு பிணையும் என்ற இதே காரணத்தால், மருந்து கொடுக்கும் ஐந்து நாட்களும் செம்பியின் கூட்டிலிருந்து சிப்பித் தூளை எடுத்துவிடுங்கள். தயிர், பால் எதையும் மருந்தோடு சேர்க்காதீர்கள். பலர் நல்லெண்ணத்தோடு மருந்தைத் தயிரில் குழைத்துக் கொடுப்பதைக் கண்டிருக்கிறேன். இந்த மருந்துக்கு அது உகந்ததன்று.

மூதூர் சேவல்:

நான் பாணைப் பயன்படுத்துவேன். பாணின் வெள்ளைப் பகுதியைப் பிய்த்து, மருந்தைச் சொட்டி ஊறவைத்துக் கடலையளவு உருண்டைகளாக உருட்டி, காலையில் தீனி வைப்பதற்கு முன்பு, மற்றக் கோழிகளிடமிருந்து பிரித்து வைத்துக் கொடுக்க வேண்டும். முதலில் மருந்தில்லாத உருண்டை ஒன்றைப் போட்டு ஆசை காட்டினால், பின்னால் வருபவற்றை யோசிக்காமல் கொத்திவிடும். மாத்திரையாக இருந்தால், சிறு துண்டாக்கித் தேங்காயெண்ணெய் தடவி நாக்கின் பின்னால், அக்கா கூறிய பிளவையும் கடந்து வைத்தால், கோழி அதை இலகுவாக விழுங்கிவிடும். திரவத்தைவிட இதில் புரையேறும் ஆபத்துக் குறைவு.

உப்புவெளி வளவு:

அனைவருக்கும் உளமார்ந்த நன்றி. அக்கா எழுதியவாறு நேற்று மாலை ஏழு மணிக்குச் செம்பியைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். மகன் கைவிளக்கைப் பிடிக்க, சொண்டைச் சற்றுத் திறந்து அந்தப் பிளவை முதன்முறையாக இருவரும் பார்த்தோம். இத்தனை காலம் கோழி வளர்த்தும் அதை அறியாமல் இருந்திருக்கிறேன். துளித்துளியாக விட்டு முடிக்கப் பன்னிரண்டு நிமிடங்கள் சென்றன. ஒருமுறைகூட அவள் இருமவில்லை. இன்று காலை எட்டு நிமிடங்களில் முடிந்தது. பாண் உருண்டையை அவள் இன்னும் தொடவில்லை. தீனியில் நாட்டம் திரும்பியதும் அதையும் முயன்று பார்க்கிறேன்.

சாம்பல்தீவு அக்கா:

மிக்க மகிழ்ச்சி, தங்கச்சி. இரவில் கூட்டில் அடையும்போது தீனிப்பையைத் தடவிப் பாருங்கள். ஓரளவு நிறைந்திருக்க வேண்டும். விடியற்காலையில் அது வெறுமையாக இருக்க வேண்டும். காலையிலும் நிறைந்து கிடந்தால் தீனி இறங்கவில்லை, மருந்தும் அங்கேயே தேங்கி நிற்கிறது என்பது பொருள். அப்போது வைத்தியரிடம் சொல்லுங்கள். மூச்சுக் கரகரப்பு நின்றுவிட்டது என்று மூன்றாம் நாளிலேயே மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

உப்புவெளி வளவு:

இன்றோடு ஐந்து நாட்கள் நிறைவடைந்தன. கண்ணில் நுரை இல்லை; கரகரப்பு நின்றுவிட்டது. நான்காம் நாள் முதல் பாண் உருண்டையைக் கையிலிருந்தே கொத்தி எடுத்தாள். நேற்றும் இன்றும் ஒவ்வொரு முட்டை இட்டிருக்கிறாள். எங்களிடம் ஓர் இளம்பேடு அடை படுத்திருக்கிறது. செம்பிக்கு வயதாகிறது; அவளுடைய வழியில் ஒரு குஞ்சாவது வேண்டும் என்று மகன் ஆசைப்படுகிறான். இந்த முட்டைகளை அடையில் வைக்கலாமா?

தம்பலகாமம் பண்ணை:

வைக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனவருத்தமாக இருக்கிறது. வைத்தியர் ஐயுற்ற மைக்கோபிளாஸ்மாவாகவே இது இருந்தால், நோய்க்குறிகள் மறைந்த பின்னரும் கிருமி கோழியின் உடலில் தங்கிவிடும். தாயிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கும் செல்லும். பொரித்த நாளிலிருந்தே நோயைச் சுமக்கும் குஞ்சு உங்கள் மற்ற ஆறு கோழிகளுக்கு நடுவில் வளரும். நோய் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் இரத்தப் பரிசோதனை செய்ய இயலுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். இம்முட்டைகளில் மருந்தின் எச்சமும் இருக்கும். எத்தனை நாட்கள் கழித்து உண்ணலாம் என்பதையும் அவரிடமே கேட்டு அறியுங்கள். அதுவரை அவற்றைப் பயன்படுத்தாமல் புதைத்துவிடுவதே நல்லது.

உப்புவெளி வளவு:

புரிந்துகொண்டேன், அண்ணா. இரண்டு முட்டைகளையும் முருங்கையடியில் புதைத்துவிட்டோம். அடைப்பேட்டுக்கு அடுத்த வீட்டிலிருந்து ஐந்து முட்டைகளை வாங்கி வைத்திருக்கிறேன். செம்பியைத் தனிக் கூட்டில்தான் வைத்திருக்கிறேன். இரத்தப் பரிசோதனை பற்றித் திங்கட்கிழமை வைத்தியரிடம் கேட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.