ஒரே கால்சைட், இரு தோற்றங்கள்: கூர்முனைப் படிகம் செதுக்கப்பட்டதா?

கேள்வி (கரிசல்காடு, திருமங்கலம்):
வணக்கம். மதுரையில் ஒரு கண்காட்சியில், மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் பக்கத்துக் கால்சைட் (கால்சியம் கார்பனேட் கனிமம்) என்று சொல்லி விற்கப்பட்ட தேன்நிறப் படிகக் கொத்து ஒன்றை வாங்கினேன். கரும்பாறைத் துண்டின்மேல் விரல்நீளக் கூர்முனைகள் நிற்கின்றன. விருதுநகர் மாவட்டப் பந்தல்குடிச் சுண்ணாம்புக்கல்லும் பெரும்பாலும் கால்சைட்தான் என்கிறார்கள். ஆனால் அதில் ஒரு முனையைக்கூட நான் கண்டதில்லை. இவை இழைத்துச் செதுக்கப்பட்டவையா?

மறுமொழி (பாறைப்பித்தன்):
செதுக்கியிருக்க வேண்டியதில்லை, ஐயா. ஜல்காவ் இருக்கும் தக்காணத்தில் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருகிய எரிமலைக் குழம்பு இறுகியபோது, அதற்குள் சிக்கிய வாயுக் குமிழிகள் பொந்துகளாக எஞ்சின. பிற்காலத்தில் அவற்றுள் ஊறிய நீரிலிருந்து கால்சியம் கார்பனேட் சுவரில் படிந்து, எதிரே வெற்றிடம் இருந்ததால் முகங்கள் முழுமையாக விளங்க வளர்ந்தது. பந்தல்குடிக் கல்லோ, பழங்காலச் சுண்ணாம்புப் படிவு பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மறுபடிகமானது. தீபாவளிக்கு முந்தைய நாள் விளக்குத்தூண் பக்கம் நிற்பவர்களைப் போல அதன் படிக மணிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டன. முனை நீட்ட எந்த மணிக்கும் இடமில்லை. உங்கள் ஊர்க் கரிசலில் கிடைக்கும் சுக்கான்கல்லிலும் இதே கனிமம்தான், படிக வடிவம் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்மணிகளாக.

மறுமொழி (வில்லைக்கண்ணாடி):
1 முதல் 10 வரையிலான மோஸ் அளவுகோலில் கடினத்தன்மை 3 என்பதால் இரும்பு ஆணி கால்சைட்டைக் கீறும். அதே ஆணி கண்ணாடியை எளிதில் கீறாது. ஆனால் முனையில் சோதிக்காமல், அடிப்புறத்தில் ஒரு மூலையில் கீறிப் பாருங்கள். உடைந்த இடம் இருந்தால் அதுவே நல்ல சாட்சி: கால்சைட் மூன்று திசைகளில், ஏறத்தாழ 75, 105 பாகைக் கோணங்களில், சாய்சதுரப் பக்கங்களாகப் பிளக்கும். தெளிவான சில்லை எழுத்தின்மேல் வைத்தால் எழுத்து இரண்டாகத் தெரியும். ஐஸ்லாந்துக் கல் எனப்படும் தெளிவான கால்சைட்டில் இதைக் கண்டு டென்மார்க் அறிஞர் எராஸ்மஸ் பார்த்தோலின் 1669-இல் எழுதினார்.

மறுமொழி (பாறைப்பித்தன்):
ஒன்றைச் சொல்ல மறந்தேன். தூசி படிந்தால், பித்தளை விளக்கைத் துலக்குவதுபோல் புளியோ எலுமிச்சையோ தொடவே வேண்டாம். அமிலம் கார்பனேட்டை அரித்து, முகங்களின் மினுமினுப்பைக் கெடுத்துவிடும். மென்தூரிகையே போதும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, ஐயா. அடியில் உதிர்ந்து கிடந்த சில்லை நாட்காட்டித் தாளின்மேல் வைத்தேன்; தேதி இரட்டையாகத் தெரிகிறது. எலுமிச்சை எச்சரிக்கைதான் ஒரு நாள் தாமதமாக வந்தது. ஒரு முனை மட்டும் இப்போது மங்கியிருக்கிறது.