பெரிய மொனிற்றரை மடிக்கணினியுடன் இணைத்தபோது உங்களுக்கு நேர்ந்தது என்ன? (அனுபவப் பகிர்வு)

கொக்குவிலில் இருந்து:

அச்சகங்களுக்குப் பக்கங்கள் வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். கனடாவிலுள்ள அண்ணா 27 அங்குல 4கே (3840×2160 படப்புள்ளிகள்) மொனிற்றர் ஒன்றைப் பொதியில் அனுப்பியிருந்தார். அது வந்த அன்று ஒரு முப்பத்தோராம் நாள் நினைவுமலரை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. இறந்தவரின் மகள் என் அருகே கதிரையில் அமர்ந்திருந்தார். அட்டைக்குரிய தாயாரின் படத்தை மவுஸால் இழுத்தபோது, அது என் கையோடு வராமல் சற்றுப் பிந்தி, விட்டுவிட்டு நகர்ந்தது. “அம்மாவின் படம் ஏன் இப்படி நடுங்குகிறது?” என்று அவர் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அன்றிரவே அண்ணாவை அழைத்து, மொனிற்றர் வழியில் பழுதாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். என் பழைய மடிக்கணினியில் படத்தை வெளித்திரைக்கு அனுப்பும் எச்டிஎம்ஐ துளை 1.4 ரகத்தைச் சேர்ந்தது என்பதும், அது 3840×2160 அளவில் விநாடிக்கு 30 தடவைக்கு மேல் படத்தைப் புதுப்பிக்காது என்பதும் இரண்டு வாரங்களுக்குப் பிறகே தெரிந்தன. குளிரில் இரவு வேலை செய்து அவர் வாங்கி அனுப்பிய பொருளை நான் பழுது என்று சொன்னது இன்னும் மனதை அறுக்கிறது.

யாழ். திருநெல்வேலியில் இருந்து:

என்னுடைய ஆய்வேட்டின் இறுதி மெய்ப்பைப் பார்ப்பதற்காக 2560×1440 மொனிற்றர் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கினேன். என் மடிக்கணினியின் திரை 1366×768. இணைத்தவுடன் இரண்டிலும் ஒரே படம் வந்தது. அதுவே சரியென்று எண்ணி மூன்று நாட்கள் வாசித்தேன். எழுத்துகள் பருத்தனவே ஒழியத் தெளியவில்லை. மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தின் தலையோடு கரைந்துபோய், ‘க்’ எது, ‘க’ எது என்று பிரித்தறிய முடியாதிருந்தது. மேற்பார்வையாளர் திருப்பித் தந்த ஒரே பக்கத்தில் பதினொரு இடங்களில் சிவப்பு மையால் புள்ளி இடப்பட்டிருந்ததைக் கண்டபோது கூசிப்போனேன். இரு திரைகளும் ஒரே படத்தைக் காட்டும்போது சின்னத் திரையின் அளவே பெரியதற்கும் போய்ச் சேர்ந்து அங்கே இழுத்து விரிக்கப்பட்டிருக்கிறது. விண்டோஸ் விசையுடன் ‘பி’ விசையை அழுத்தி, திரையை நீட்டிக்கும் முறைக்கு மாற்றிய பின்னர்தான் ஒவ்வொரு புள்ளியும் தனித்து நின்றது.

விநாடிக்கு 30 தடவை போதாது என்பதுபோல் கொக்குவிலில் இருந்து எழுதிய அண்ணா சொன்னதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. வாசிப்பதற்கும் எழுதுவதற்கும் விநாடிக்கு 30 தடவை தாராளமாகப் போதும்.

சாவகச்சேரியில் இருந்து:

போதும் என்று சொல்பவர் பக்க வடிவமைப்புச் செய்து பார்த்தவர் அல்லர் என்றே நினைக்கிறேன். அசையாத பக்கத்தை வாசிக்க 30 போதும். நாள் முழுவதும் படங்களை இழுத்து நகர்த்துபவருக்கு அது கையையும் கண்ணையும் களைக்கச் செய்யும்.

என் சொந்த அனுபவம் சிறியது. ஒரு மண்டபத்தில் 10 மீற்றர் எச்டிஎம்ஐ கேபிளால் 4கே திரையை இணைத்தேன். பேச்சாளர் வாய் திறக்கும் போதெல்லாம் திரை இரண்டு விநாடிகள் கறுத்தது. கேபிளை 2 மீற்றராகக் குறைத்து, மடிக்கணினியைத் திரைக்குப் பக்கத்தில் வைத்ததும் அது நின்றது.

கொக்குவில் அண்ணா கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 விநாடிக்கு 10.2 கிகாபிட் தரவு வரை கொண்டுசெல்லும். 4கே படத்தை 60 தடவை அனுப்ப ஏறத்தாழ 18 கிகாபிட் வேண்டும். அதைத் தாங்கும் 2.0 பதிப்பு 2013இல் வந்துவிட்ட போதிலும், அதன் பின்னர் பல ஆண்டுகள் விற்பனைக்கு வந்த மடிக்கணினிகளில்கூடப் பழைய 1.4தான் இருந்தது. எனவே புதிய கேபிளுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். கேபிள் எவ்வளவு உயர்ந்ததாயினும், கணினி அனுப்பாததை அது கொண்டுவராது. முதலில் உங்கள் மடிக்கணினியின் பக்கவாட்டில் டிஸ்பிளே போர்ட் என்ற, திரையை இணைக்கும் வேறொரு துளை இருக்கிறதா என்று பாருங்கள். சிறிய வடிவிலும் அது வருவதுண்டு. அதன் 1.2 பதிப்பே 4கே படத்தை 60 தடவை தரும். அது இல்லையென்றால், வேலை செய்யும் நேரத்தில் திரையை 2560×1440க்குக் குறைத்து 60இல் ஓடவிட முயலுங்கள். அந்தத் தரவு 1.4இன் எல்லைக்குள் அடங்கும். பல கணினிகள் ஏற்றுக்கொள்ளும். எழுத்து சற்று மென்மையாகத் தெரியும், ஆனால் மவுஸ் கையோடு வரும். அச்சுக்கு அனுப்பும் முன் முழு அளவுக்கு மாறி ஒருமுறை பாருங்கள். முழு அளவில் எழுத்துகள் மிகச் சிறிதாகி விட்டால் திரை அளவைக் குறைக்காமல், விண்டோஸில் ஸ்கேலிங்கை (எழுத்துகளைப் பெரிதாக்கிக் காட்டும் அமைப்பை) 150 வீதம் ஆக்குங்கள்.

சுன்னாகத்தில் இருந்து:

இலண்டனிலுள்ள பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் படிப்பிக்கிறேன். என் மடிக்கணினியில் யூஎஸ்பி-சி துளை இருப்பதைக் கண்டு, அதை மொனிற்றரோடு இணைக்கும் கேபிளை யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் வாங்கி வந்து மாட்டினேன். கறுப்புத் திரையில் ‘சிக்னல் இல்லை’ என்ற சொற்கள் மூலைக்கு மூலை மிதந்தன. வகுப்பு தொடங்க நான்கு நிமிடங்கள் இருந்தன. அந்தத் துளை தரவுக்கு மட்டும் உரியது, படத்தை அனுப்பாது என்பதை வடிவத்தைப் பார்த்து அறிய வழியே இல்லை. கடைக்காரர் கேபிளைத் திருப்பி எடுக்கவில்லை. உறையைப் பிரித்துவிட்டீர்கள் ரீச்சர் என்றார்.

கொக்குவிலில் இருந்து:

சாவகச்சேரி அண்ணைக்கு நன்றி. என் கணினியில் டிஸ்பிளே போர்ட் இல்லை. 2560×1440, 60இல் வைத்தேன். இழுத்த படம் கையோடு வருகிறது. கனடாவில் இப்போது விடிகாலை. அண்ணா வேலையால் வந்திருப்பார், எடுத்துச் சொல்லப் போகிறேன்.