மென்பொருளோடு வரும் வெப் சர்வரின் போர்ட்டை மாற்றுவது: அனுபவப் பகிர்வு

பதிவு 1

எக்ஸாம்ப் (அப்பாச்சி வெப் சர்வரோடு வரும் மென்பொருள் தொகுப்பு) கன்ட்ரோல் பேனலின் ‘கான்ஃபிக்’ பகுதியில் போர்ட் எண்ணை, அதாவது சர்வர் இணைப்புகளை ஏற்கும் வாசல் எண்ணை, மாற்றியும் அப்பாச்சி 80-லேயே நிற்கிறதா? மாற்ற வேண்டிய இடம் அதுவல்ல. எந்தப் போர்ட்டைச் சோதிப்பது என்று பேனலுக்குச் சொல்ல மட்டுமே அது இருக்கிறது. சர்வர் படிப்பது ஹெச்டிடிபிடி.கான்ஃப் கோப்பை. அதில் ‘லிசன் 80’, ‘சர்வர்நேம் லோக்கல்ஹோஸ்ட்:80’ இரண்டையும் 8081 ஆக்குங்கள். பேனலிலும் அதே எண்ணைக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வீண் எச்சரிக்கை காட்டிக்கொண்டே இருக்கும்.

ஹெச்டிடிபிடி-எஸ்எஸ்எல்.கான்ஃப் கோப்பையும் திறந்து பாருங்கள். பாதுகாப்பான (ஹெச்டிடிபிஎஸ்) இணைப்புக்கான 443-ஐ வேறொரு நிரல் பிடித்திருந்தால், 80-ஐ மாற்றிய பிறகும் அப்பாச்சி எழும்பாது. கேட்கச் சொன்ன போர்ட்களில் ஒன்று கிடைக்காவிட்டாலும் அது முழுவதுமாக நின்றுவிடும். இந்த எஸ்எஸ்எல் கோப்பில் லிசன், வெர்ச்சுவல்ஹோஸ்ட், சர்வர்நேம் என மூன்று வரிகளில் எண் இருக்கும், மூன்றையும் மாற்றுங்கள். சேமித்ததும் ‘ஹெச்டிடிபிடி -டி’ (httpd -t) கட்டளை கொடுத்து எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

பதிவு 2

மேலே சொன்னது சரிதான். ஆனால் போர்ட் எண்ணில் கை வைக்கும் முன் பிழை எண்ணைப் பாருங்கள். விண்டோஸில் 10048 என்றால் போர்ட்டில் வேறொரு நிரல் இருக்கிறது. 10013 என்றால் ஒரு நிரல் அதைத் தனக்கு மட்டும் என்று பிடித்திருக்கலாம், அல்லது விண்டோஸே ஒதுக்கி வைத்திருக்கலாம்.

‘நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ’ கட்டளை கொடுத்தால் கடைசி நெடுவரிசையில் பிஐடி (போர்ட்டைப் பிடித்திருக்கும் நிரலின் அடையாள எண்) தெரியும். அது 4 என்றால் டாஸ்க் மேனேஜரில் நிறுத்தப் பார்க்காதீர்கள், அது விண்டோஸின் சொந்த ‘சிஸ்டம்’ செயல். விண்டோஸின் மையப் பகுதியான கர்னலில் உள்ள ஹெச்டிடிபி.சிஸ் வழியாக ஐஐஎஸ் (மைக்ரோசாஃப்ட்டின் வெப் சர்வர்) அல்லது எஸ்க்யூஎல் சர்வர் ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சேவையை நிறுத்தினால் 80 விடுபடும்.

நெட்ஸ்டாட்டில் யாருமே இல்லை, ஆனாலும் 10013 வருகிறது என்றால் ஹைப்பர்-வி (விண்டோஸின் மெய்நிகர் கணினி வசதி) ஒதுக்கீட்டைச் சந்தேகியுங்கள். ‘நெட்ஷ் இன்டர்ஃபேஸ் ஐபிவி4 ஷோ எக்ஸ்க்ளூடட்போர்ட்ரேஞ்ச் புரோட்டோகால்=டிசிபி’ கட்டளை ஒதுக்கிய வரம்புகளைக் காட்டும். அவற்றுக்கு வெளியே உள்ள எண்ணைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. கணினியை மறுதொடக்கம் செய்தால் வரம்புகள் இடம் மாறக்கூடும், அதனால் நேற்று ஓடியது இன்று ஓடாமல் போவதும் உண்டு.

பதிவு 3

டாம்கேட்டை (ஜாவா நிரல்களுக்கான வெப் சர்வர்) உள்ளே வைத்து வரும் மென்பொருள்களில் சர்வர்.எக்ஸ்எம்எல் கோப்பில் 8080-ஐ மட்டும் மாற்றுவது போதாது. ஒரே கணினியில் இரண்டு டாம்கேட் இருந்தால், நிறுத்தும் கட்டளைக்கான 8005-உம் மோதும். இரண்டாவதில் அதை 8006 ஆக்குங்கள்.

புது எண்ணாக 6000, 6665 முதல் 6669 வரை வேண்டாம். சர்வர் நன்றாக ஓடினாலும் குரோம் அந்த முகவரிகளைத் திறக்காது. லினக்ஸில் 1024-க்குக் கீழ் போனால் வழக்கமாக ரூட் (நிர்வாகி) உரிமை கேட்கும். விண்டோஸில் 49152-க்கு மேல் தற்காலிக இணைப்புகளுக்கான பகுதி, அதையும் விட்டுவிடுங்கள்.

சர்வரில் வேர்ட்பிரஸ் (இணையதளம் அமைக்கும் மென்பொருள்) இருந்தால் தளத்தின் முகவரி தரவுத்தளத்தில் பழைய போர்ட்டோடு பதிந்திருக்கும். டபிள்யூபி_ஆப்ஷன்ஸ் அட்டவணையில் சைட்யூஆர்எல், ஹோம் இரண்டையும் திருத்தாவிட்டால் உலாவி பழைய எண்ணுக்கே திருப்பி அனுப்பும். மென்பொருளைப் புதுப்பிக்கும்போது கான்ஃப் கோப்பு பழைய நிலைக்குத் திரும்பலாம், அதனால் திருத்திய கோப்பின் நகலைத் தனியே வைத்திருங்கள்.