பி-32 (கதிரியக்க பாஸ்பரஸ்) ரெஜிஸ்டர் டேலி ஆகல, மிச்சம் எங்க போச்சு?

வேர்க்கடலை: சீனியர் தீசிஸ் குடுத்துட்டு கிளம்பிட்டாங்க, ரேடியோஐசோடோப் ரெஜிஸ்டர் இப்ப என் தலையில. வயல் 25 மைக்ரோலிட்டர், 250 மைக்ரோகியூரி (கதிரியக்க அளவு), மார்ச் 15 அன்னைக்கு 10 மைக்ரோலிட்டர் எடுத்ததுக்கு ஸ்டாக் புக்ல 100ன்னு எழுதியிருக்கு, ஆனா அதே நாள் கழிவு ஷீட்ல திரவம், பிப்பெட் டிப்பு, டிஷ்யூ எல்லாம் கூட்டினா 50 கூட தேறல. ஆர்எஸ்ஓ (கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரி) சார் வர்றதுக்குள்ள சரி பண்ணணும். இன்னொண்ணு, டிகே ரூம்ல (கதிரியக்கம் குறையற வரைக்கும் கழிவை வெக்கிற இடம்) ஒரு பை கிடக்கு, ட்ரைடியம்னு (கதிரியக்க ஹைட்ரஜன்) மட்டும் தெரியுது, தேதி அழிஞ்சிருச்சு, ஜிஎம் மீட்டர்ல (கைகர் கருவி) பேக்ரவுண்ட், அதாவது சுற்றுப்புறத்துல எப்பவும் இருக்கிற அளவு தான் காட்டுது, தூக்கிப் போட்டுடலாமா?

பழையலேப்: வயலோட வந்த பேப்பர்ல ரெஃபரன்ஸ் தேதி (அந்த அளவு எந்த நாளுக்குன்னு) என்ன போட்டிருக்கு? அந்த 250 அன்னைக்கு மட்டும்தான். பி-32 அரை ஆயுள் (பாதியா குறையற காலம்) 14.3 நாள், ஸ்டாக்ல பழைய கணக்கையும் கழிவுல அன்னைய கணக்கையும் எழுதினா எப்படிங்க டேலி ஆகும்? ரெண்டையும் ஒரே தேதிக்கு கொண்டு வாங்க. மெம்பிரேன்ல ஒட்டினதையும் சேர்த்தீங்களா, அதுவும் கடைசில கழிவு தானே. எஸ்-35 (கதிரியக்க கந்தகம்) இருந்தா தயவுசெஞ்சு தனிப் பை, அதுக்கு அரை ஆயுள் 87 நாள், கலந்துட்டா மொத்தப் பையும் அதுக்காகவே காத்துக் கிடக்கணும். தூக்கிப் போடறதுக்கு முன்னாடி காத்திருக்கிற பத்து அரை ஆயுள் கணக்க பையை மூடின நாள்லருந்து எண்ணுங்க.

கவுண்ட்டர்மாமா: அந்தப் பையை தொடாதமா! ட்ரைடியம் பீட்டா ரொம்ப வீக், ஜிஎம் ஜன்னலையே தாண்டாது, அது பேக்ரவுண்ட் காட்டறதுக்கு அர்த்தமே இல்ல. வைப் (துடைச்சு எடுத்த சாம்பிள்) எடுத்து லிக்விட் சின்டிலேஷன் கவுண்ட்டர்ல எண்ணிப் பாரு. அரை ஆயுள் 12.3 வருஷம், டிகே ரூம்ல வெச்சு உன் காலத்துல தீராது, ஆர்எஸ்ஓ மூலமா ஏஇஆர்பி (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) அனுமதியோட தான் வெளிய போகணும். 2010ல டெல்லி மாயாபுரி ஸ்கிராப் கடைக்குப் போன கோபால்ட்-60 ஒரு யுனிவர்சிட்டி ஏலத்துல போனது தான், ஒருத்தர் செத்தே போனார். உன் பை அந்த அளவுக்கு இல்ல, இருந்தாலும்.

பழையலேப்: ரெஜிஸ்டர்ல ஒயிட்னர் வேணாம், ஒத்தை கோடு போட்டு அடிச்சு பக்கத்துல தேதி, கையெழுத்து. கதிரியக்கம் ஆறினதுக்கு அப்புறம் சாதா குப்பைக்கு போறப்போ கதிரியக்க எச்சரிக்கை மஞ்சள் ஸ்டிக்கரை கிழிச்சிடுங்க, முனிசிபாலிட்டி ஆளு பாத்து பயந்து போலீசுக்கு போன் போட்ட கதையெல்லாம் இருக்கு.

வேர்க்கடலை: ரெஃபரன்ஸ் தேதி மார்ச் 1! 14 நாள் போட்டா 100க்கு 50.7 வருது, மெம்பிரேன் சேர்த்தா உக்காந்துருச்சு. ஆனா இன்னொரு வயலுக்கு பேப்பரே காணோம் அண்ணா.

பழையலேப்: வயல் லேபிள்ல லாட் நம்பர் இருக்கும், அதை வெச்சு சப்ளையருக்கு ஒரு மெயில் போடுங்க, காப்பி அனுப்புவாங்க.