மண்டபத்தில் வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

காவேரிப்பட்டணத்துக்காரன்:

போன வைகாசியில் கிருஷ்ணகிரியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். மூன்றாம் பந்தியில் சாப்பிட்டுவிட்டு அம்மா கை கழுவப் போனார். குழாய் வரிசைக்கு முன்னால் முகம் பார்க்கிற மாதிரி பளபளக்கும் கறுப்பு கிரானைட் தரை. அதன்மேல் சோப்புத் தண்ணீர், சிந்திய ரசம், யாரோ மிதித்து இழுத்து வந்த வாழை இலைத் துண்டு. கையை ஊன்றி விழுந்ததில் வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. வயது 61.

ஓடி வந்த மேனேஜர் முதலில் சொன்ன வார்த்தை, "பார்த்து நடக்கணும்லம்மா?" அடுத்த பத்து நிமிடத்தில் தரையைத் துடைத்துச் சாக்கு விரித்துவிட்டார்கள். முதல் பந்திக்கே விரிக்க வேண்டிய சாக்கு அது. அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடிய அவசரத்தில் எனக்கு ஒரு போட்டோ எடுக்கத் தோன்றவில்லை.

எங்களைக் காப்பாற்றியது கல்யாண வீடியோ. பந்தியைச் சுற்றிச் சுற்றி எடுத்தவர் கை கழுவும் இடத்தையும் எடுத்திருந்தார். அம்மாவுக்கு முன்பே இரண்டு பேர் அதே இடத்தில் தடுமாறிச் சுவரைப் பிடிக்கிறார்கள். மாப் பிடித்தபடி ஒரு ஆள்கூடக் கண்ணில் படவில்லை. அதை வைத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம்.

வாசலில் 'நிர்வாகம் பொறுப்பல்ல' என்று ஒரு பலகை இருந்தது. அதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். "அது செருப்புக்கு எழுதினதுங்க. பலகை மாட்டிவிட்டால் அவர்கள் கவனக்குறைவு இல்லையென்று ஆகிவிடாது" என்றார் வக்கீல். இரண்டு மாத இழுபறிக்குப் பிறகு பிளேட் வைத்த செலவையும் பிசியோதெரபி செலவையும் மண்டபத்துக்காரர்கள் கொடுத்தார்கள். கோர்ட்டுக்குப் போகவில்லை. அம்மாவால் இன்னும் அந்தக் கையால் குடம் தூக்க முடியவில்லை.

பர்கூர் கல் பட்டறை:

நான் கிரானைட் பாலிஷ் வேலையில் இருக்கிறேன். எங்கள் கல்லின்மேல் பழி போட்டுவிட்டீர்களே அண்ணா! ஆனால் சொன்னது நிஜம். பாலிஷ் போட்ட கல் காய்ந்திருந்தால் பரவாயில்லை. சோப்புத் தண்ணீரோ எண்ணெயோ படிந்தால் காலுக்குப் பிடிப்பே இருக்காது. குழாயடிக்கும் வெளிப்படிக்கும் நெருப்புக் காட்டிச் சொரசொரப்பாக்கிய கல் போடச் சொல்வோம். சூட்டில் மேல்பரப்பிலுள்ள கல் மணிகள் தெறித்துவிடும், கால் நிற்கும். யாரும் கேட்பதில்லை. "கண்ணாடி மாதிரி வேணும்" என்பார்கள். ஏற்கெனவே போட்டாயிற்று என்றால் படியோரத்தில் கோடு வெட்டலாம், அரை நாள் வேலை.

தர்மபுரி மெஸ்காரர்:

எல்லாரும் ஓனரையே திட்டுகிறீர்கள், என் கதையையும் கேளுங்கள். ஐப்பசி மழையில் ஒரு தம்பி போன் பேசிக்கொண்டே கடைக்குள் ஓடி வந்தார். வாசலில் மிதியடி போட்டிருந்தேன், 'தரை ஈரம்' என்று அட்டையும் வைத்திருந்தேன். பையன் அரை மணிக்கு ஒரு தடவை துடைத்துக்கொண்டுதான் இருந்தான். இருந்தும் விழுந்தார். அரசு மருத்துவமனைக்கு நானே கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்தேன், எலும்புக்கு ஒன்றும் இல்லை. மறுநாள் நாலு பேரோடு வந்து பணம் கேட்டார். கேமரா பதிவைக் காட்டியதும் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். விழுந்தாலே காசு என்றால் நாங்கள் எப்படிக் கடை நடத்துவது?

கோர்ட் குமாஸ்தா:

மெஸ் அண்ணன் கேட்பது நியாயம். விழுந்ததாலேயே ஓனர் பொறுப்பாகிவிட மாட்டார். ஆபத்து இருப்பது அவருக்குத் தெரியுமா, தெரிந்திருக்க வேண்டுமா, தெரிந்தும் சரிசெய்யாமல் விட்டாரா என்றுதான் பார்ப்பார்கள். விழுந்தவர் பேரிலும் தப்பிருந்தால் இழப்பீடு அந்த அளவுக்குக் குறையும். கட்டடமே இடிந்து விழுந்தால் கதை வேறு. டெல்லி சாந்தினி சௌக் மணிக்கூண்டு விழுந்து ஆட்கள் செத்த வழக்கில், பழுது வெளியில் தெரியவில்லை என்று மாநகராட்சி சொன்ன சமாதானத்தை 1966-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

இன்னொன்று. மண்டப வாடகை கொடுத்தது கல்யாண வீட்டார்தானே, விருந்தாளி எப்படிக் கேட்பது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பணம் கொடுத்தவர் சம்மதத்தோடு சேவையை அனுபவிப்பவரும் நுகர்வோர்தான். சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட வேண்டும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், மண்டபம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் எங்கே, எப்படி விழுந்தீர்கள் என்பதைச் சரியாகச் சொல்லி ஏ.ஆர். காப்பியில் (ஆஸ்பத்திரி எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகல்) ஏற்றச் சொல்லுங்கள். "வீட்டில் விழுந்தேன்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் பிறகு அழுகிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

மெஸ் அண்ணா, உங்கள் சமையல்கட்டில் மாஸ்டர் வழுக்கி விழுந்தால் இந்தக் கணக்கு செல்லாது. வேலையாள் இழப்பீட்டுக்கு 1923-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. வேலையின்போது வேலையால் அடிபட்டாலே போதும், முதலாளியின் தப்பை நிரூபிக்கத் தேவையில்லை.

பாலக்கோட்டு அக்கா:

நான் வாடகை வீடு. மேலே டேங்க் நிரம்பி வழிந்து மாடிப்படி முழுக்கப் பாசி. வீட்டுக்கார அம்மாவிடம் மூன்று தடவை சொன்னேன், மூன்றுமே வாட்ஸ்அப்பில். நான்காவது வாரம் நானே உருண்டேன், கணுக்கால் பிசகிவிட்டது. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு பைசா பிடிக்கவில்லை, வைத்தியச் செலவும் கொடுத்தார். அந்த மூன்று மெசேஜும் இல்லையென்றால் "எங்கிட்ட யார் சொன்னா?" என்றிருப்பார்.

ஒகேனக்கல் போய் வந்தவன்:

எண்ணெய் தேய்த்துக்கொண்டு நேராகப் பாறையில் கால் வைத்தேன். முழங்கால் சில்லு நகர்ந்துவிட்டது. யார்மேல் கேஸ் போடலாம்?

கோர்ட் குமாஸ்தா:

காவேரிமேல் போடுங்கள்.

காவேரிப்பட்டணத்துக்காரன்:

வீடியோவை எப்படி வாங்கினீர்கள் என்று தனியாகச் சிலர் கேட்டிருக்கிறார்கள். ஆல்பத்தோடு வரும் வெட்டி ஒட்டிய வீடியோவில் இதெல்லாம் இருக்காது. ஸ்டுடியோவில் முழுப் பதிவைக் கேட்க வேண்டும். எங்கள் ஸ்டுடியோக்காரர் அடுத்த முகூர்த்தத்துக்கு ஹார்ட் டிஸ்க்கைக் காலி செய்ய இருந்தார். நான் பென் டிரைவோடு போய் நின்றது அதற்கு இரண்டு நாள் முன்னால்.